தவணை தவறாத கின்ஸா கடைக்காரர்

மழை நாளில் தான் வேலை பார்த்த சாமான் கடை ஈயோட்டிக்கொண்டிருக்க, பக்கத்துக் கடிகாரக் கடையில் மட்டும் ரிப்பேர் வேலை மும்முரமாக நடந்ததைப் பார்த்துச் சிறுவன் கின்டாரோ தன் தொழிலை முடிவு செய்ததைப் போன வாரம் பார்த்தோம். பிறகு உயெனோவில் தொழில் கற்றுக்கொடுத்த முதலாளி நொடித்துப்போனபோது, தன் சேமிப்பை அவர் கையில் வைத்துவிட்டு வெளியேறியதையும் பார்த்தோம். 1892இல் கின்டாரோ தொழிற்சாலை தொடங்கிய கதை இந்த வாரம் என்று சொல்லியிருந்தேன். வரும். அதற்கு முன் டனாகா என்ற கடிகார மேதையைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

1881 டிசம்பரில், 21 வயது ஹட்டோரி கின்டாரோ டோக்கியோவில் ‘கே. ஹட்டோரி’ என்று கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டினார். அதற்கு முந்தைய மாதம்தான் அதே நகரத்தில் டனாகா ஹிசாஷிகே தம் 82ஆம் வயதில் இறந்திருந்தார். கடிகார உலகத்தில் இப்படியொரு கைமாற்றம் வேறெங்கும் நடந்ததாக எனக்குத் தெரியாது. ஒருவர் நேரத்தைச் செய்து காட்டிய மேதை. மற்றவர் அதை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கத் தெரிந்த வியாபாரி.

டனாகா கியூஷு தீவின் குருமே ஊர்க்காரர். ஆமையோட்டில் கைவேலை செய்தவரின் மகன். இளவயதிலேயே திருவிழாக்களில் இயந்திரப் பொம்மைகளை ஆடவிட்டுப் பேர் வாங்கியவர். அவருடைய வில்லாளிச் சிறுவன் பொம்மை தானே அம்பை எடுக்கும், நாணில் பூட்டும், குறிபார்த்து எய்யும். நான்கு அம்புகளில் ஒன்று வேண்டுமென்றே குறி தவறும்படி அதைச் செய்திருந்தார் என்பார்கள். தவறப்போகும் அம்புக்கும் கணக்குப் போட்டுப் பல்சக்கரம் வெட்டுகிறவனைத்தான் நான் கலைஞன் என்பேன்.

1851இல் அவர் முடித்த ‘பத்தாயிரம் வருஷக் கடிகாரம்’ இன்றும் டோக்கியோவின் தேசிய அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட உறுப்புகள். ஒருமுறை சாவி கொடுத்தால் ஒரு வருஷம் ஓடும்படி அமைத்தது. சுற்றிலும் ஆறு முகங்கள். ஒன்றில் மேல்நாட்டு மணி, ஒன்றில் நிலவின் வளர்பிறை தேய்பிறை, ஒன்றில் கிழமை, ஒன்றில் 60 பெயர்கள் கொண்ட சுழற்சி, ஒன்றில் வருஷத்தை 24ஆகப் பிரித்த பருவங்கள். ஆறாவது முகம்தான் அசல் வித்தை: ஜப்பானிய நேரம்.

இந்த ஜப்பானிய நேரம் லேசுப்பட்டதல்ல. நம் நாழிகை கோடையானாலும் மார்கழியானாலும் 24 நிமிஷம்தான். எடோ காலத்து ஜப்பானியர் பகலை ஆறாகவும் இரவை ஆறாகவும் பிரித்தார்கள். கோடையில் பகல் நீளும்போது பகல் பங்கும் நீளும், இரவுப் பங்கு சுருங்கும், குளிர்காலத்தில் தலைகீழ். எண்ணிக்கையும் இறங்குமுகம்: நண்பகலுக்கு ஒன்பது அடி, பிறகு எட்டு, ஏழு, அந்திக்கு ஆறு, அப்புறம் ஐந்து, நான்கு, நடுநிசியில் மறுபடி ஒன்பது. சாதாரணக் கடிகாரக்காரர்கள் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு ஆடுகோல்களை வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவற்றின் எடைகளை நகர்த்திச் சமாளித்தார்கள். டனாகாவின் கடிகாரத்திலோ டயலில் பதித்த நேரத் துண்டுகளே பருவத்துக்கு ஏற்பத் தாமாக நெருங்கி விலகும். மனிதக் கை தொட வேண்டாம்.

22 வருஷம்கூட ஆகவில்லை, அந்த ஆறாவது முகத்தை ஓர் அரசாணை செல்லாக்காசாக்கியது.

ஆணைக்குப் பின்னால் இருந்தவர் அரசியல் தலைவர் ஓகுமா ஷிகெனோபு. பழைய கணக்கில் 1872இன் 11ஆம் மாதம் அறிவிப்பு வந்தது; 12ஆம் மாதத்தின் மூன்றாம் நாளையே 1873 ஜனவரி 1 ஆக்கிவிட்டார்கள். மக்கள் தயாராக நான்கு வாரம்கூட இல்லை. சூரிய நாட்காட்டியோடு 24 சம மணிகளும் வந்தன. நாகரிகம், முன்னேற்றம் என்றெல்லாம் காரணம் சொல்லலாம். கஜானா காலி என்பதுதான் அவசரத்துக்குக் காரணம். 12ஆம் மாதம் இரண்டே நாளில் முடிந்ததால் அதற்குச் சம்பளம் இல்லை. பழைய கணக்குப்படி அடுத்த வருஷம் வரவேண்டிய அதிக மாதமும் ஒழிந்தது. ஆக, அரசு ஊழியரின் இரண்டு மாதச் சம்பளம் மிச்சம்! ஓகுமாவைத் தொலைநோக்குத் தலைவர் என்று புகழ்கிறவர்கள் இந்தச் சில்லறை வேலையையும் சேர்த்துப் புகழட்டும். எழுத்தாளர் ஃபுகுசாவா யுகிச்சியின் பங்கைத்தான் நான் மெச்சுவேன். புது நாட்காட்டியை விளக்கிச் சட்டென்று ஒரு சிறுநூல் எழுதினார்; கடிகார முள்ளைப் பார்த்து மணி சொல்வது எப்படி என்றும் அதில் சொல்லிக்கொடுத்தார். லட்சக்கணக்கில் விற்றது.

அப்போது கின்டாரோவுக்கு 12 வயது. கோயில் மணி கேட்டு வளர்ந்த ஒரு தேசம் முழுக்க ஒரே ராத்திரியில் வாடிக்கையாளர் ஆகிவிட்டது. 1872இலேயே டோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்கு 53 நிமிஷத்தில் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. நிமிஷத்தை ஜப்பானியருக்குப் பழக்கியது அந்த ரயில்தான். ரயிலுக்குப் பின்னால் பள்ளிக்கூடம், ராணுவம், ஆலை எல்லாவற்றுக்கும் கடிகாரம் வேண்டியிருந்தது. உள்நாட்டில் செய்ய ஆளில்லை. டனாகாவே டோக்கியோவின் கின்ஸாவில் கடை போட்டுத் தந்திக் கருவிகளுக்குப் போய்விட்டார். பின்னாளைய டோஷிபாவின் வேர் அங்கே இருக்கிறது.

சரக்கு இருந்த இடம் யோகோஹாமா. வெளிநாட்டார் தமக்கு ஒதுக்கிய குடியிருப்பை விட்டு வெளியே போய் வியாபாரம் செய்யக்கூடாது என்பது ஒப்பந்தம். ஆகவே சுவிஸ் கம்பெனிகள் பாக்கெட் கடிகாரங்களோடு துறைமுகத்தில் உட்கார்ந்திருந்தன; டோக்கியோ வியாபாரிகள் தேடிப் போய்க் கொள்முதல் செய்தார்கள். ஹட்டோரியும் அவர்களில் ஒருவர். பழைய கடிகாரங்களை வாங்கிச் சீர்செய்து விற்றுச் சேர்த்த பணம்தான் அவர் முதல். 1883இல் தீ பரவி அந்தக் கடையும் போனது. எழுந்து மறுபடி கடை வைத்தார்.

பணம் பெருகியதன் ரகசியத்தில் வீரமும் இல்லை, விஞ்ஞானமும் இல்லை. ஜப்பானிய வியாபாரிகள் பாக்கியை வருஷத்தில் இரண்டு தடவை தீர்ப்பார்கள்: ஓபோன் பண்டிகைக்கு ஒன்று, வருஷக் கடைசியில் ஒன்று. அது ஊர் வழக்கம், ஏமாற்று அல்ல. யோகோஹாமாக்காரர்களோ 30 நாளில் பணம் கேட்டார்கள். நம்மாட்கள் இழுத்தடிக்க, அவர்கள் பொருமினார்கள். ஹட்டோரி மட்டும் சொன்ன தேதிக்குக் கொண்டுபோய்க் கட்டினார். விளைவு, கப்பலில் புது மாடல் வந்து இறங்கினால் முதலில் பார்ப்பவர் ஹட்டோரி. விலையும் அவருக்குச் சாதகம். கையில் பணம் குறைந்த நேரத்திலும் பெரிய அளவில் சரக்கைக் கடனுக்குக் கொடுத்தார்கள். மற்றவர்களிடம் இல்லாத மாடல் அவர் கடையில் மட்டும் இருந்தால், சில்லறைக் கடைக்காரர்கள் வேறு எங்கே போவார்கள்? 1887இல் கின்ஸாவின் பிரதான வீதிக்கே கடையை மாற்றிவிட்டார். அவருக்குப் பின்னாளில் ‘கிழக்கின் கடிகார மன்னர்’ என்று பட்டம் சூட்டினார்கள். என் ஓட்டு டனாகாவுக்குத்தான். ஆனால் டனாகாவின் கடிகாரம் ஒன்றே ஒன்று. ஹட்டோரியின் சரக்கு ஊர் ஊராகப் போனது.

சரி, 1892. யோஷிகாவா ட்சுருஹிகோ என்ற கைதேர்ந்த தொழில்நுட்பக்காரரைச் சேர்த்துக்கொண்டு, டோக்கியோவின் ஹோன்ஜோ பகுதியில் ‘செய்கோஷா’ தொழிற்சாலையைத் தொடங்கினார் ஹட்டோரி. பாக்கெட் கடிகாரத்துக்கு அவசரப்படவில்லை, சுவர்க்கடிகாரத்தில் ஆரம்பித்தார். அமெரிக்க மாதிரிகள் சந்தையில் குவிந்திருந்தன, நகோயாக்காரர்கள் ஏற்கெனவே அவற்றைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார்கள். மறுவருஷமே யானகிஷிமாவுக்கு மாறி நீராவி இயந்திரம் பொருத்தினார். 1895இல் பாக்கெட் கடிகாரமும் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் யோகோஹாமா கொள்முதலை அவர் நிறுத்தவில்லை. ஒரு கையால் சுவிஸ் கடிகாரம் விற்று, மறு கையால் அதற்குப் போட்டி தயாரித்தார். 1923 பூகம்பத் தீயில் ரிப்பேருக்கு வந்திருந்த ஏறக்குறைய 1,500 கடிகாரங்கள் கருகியபோது அவர் பத்திரிகையில் கொடுத்த விளம்பரம் அடுத்த வாரம்.

(தொடரும்)