குழுக் கடன்: உதவி எங்கே தடம் மாறியது?

தவணை நாள் என்றால் சேரியில் எல்லோருக்கும் தெரியும். காலையிலேயே மைக்ரோ பைனான்ஸ் ஆள் பைக்கில் வந்து நிற்பார். ஒருவரிடம் பணம் குறைந்தால் குழுவின் மற்ற பெண்கள் போட்டுக் கட்ட வேண்டும். இன்று 'குழு' என்ற சொல்லே நம் அம்மாக்களைப் பயமுறுத்துகிறது. ஆனால் அந்தச் சொல்லின் தொடக்கம் வேறு.

1989இல் தருமபுரி மாவட்டத்தில், ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதிய உதவியோடு தமிழக அரசு மகளிர் குழுக்களைத் தொடங்கியது. 1992இல் நபார்டு, 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தை அறிவித்தது. முதலில் சொந்தச் சேமிப்பு, அடுத்து உள்கடன், பிறகுதான் வங்கிக் கடன். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்பதைக் குழுவே முடிவு செய்யும். அங்கும் சாதி இருந்தது. பல இடங்களில் ஊர்ப் பெண்களும் சேரிப் பெண்களும் தனித்தனிக் குழுக்கள்தான். ஆனாலும் கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்காமல் அவசரத்துக்குப் பணம் புரட்ட ஒரு வழி பிறந்தது.

பிறகு உதவியின் திசை மாறியது. மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்களுக்கு வங்கிகள் தரும் பணத்தையும் 2000இல் ரிசர்வ் வங்கி முன்னுரிமைக் கடனாக ஏற்றது. ஏழைகள் பெயரைச் சொல்லி வங்கியில் வாங்கிய பணம், கூடுதல் வட்டியோடு அதே ஏழைகளிடம் வந்தது. 1990களின் இறுதியில் ஆந்திராவில் நன்கொடையில் தொண்டு நிறுவனமாகத் தொடங்கிய எஸ்.கே.எஸ்., 2005இல் நிதி நிறுவனமானது. 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்குப் போய் சுமார் 1,600 கோடி ரூபாய் திரட்டியது. இரண்டே மாதத்தில், கடன் நெருக்கடித் தற்கொலைகள் பற்றிய செய்திகளுக்கு நடுவே, ஆந்திர அரசு மைக்ரோ பைனான்ஸைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் போட்டது. 2011இல் ரிசர்வ் வங்கி வட்டிக்கு உச்சவரம்பு வைத்தது. 2022இல் வட்டிக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டது. கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடும் சட்டம் இயற்ற வேண்டி வந்தது.

தோழர்களே, தவறு எங்கே? நன்கொடையாளரும் அரசும் இரண்டே கேள்வி கேட்டார்கள்: எத்தனை பேருக்குக் கடன் போனது? எத்தனை சதவீதம் திரும்பி வந்தது? தாலியை அடகு வைத்தும், இன்னொரு நிறுவனத்தில் கடன் வாங்கியும் கட்டினாலும் அது 'நூறு சதவீத வசூல்' என்றே கணக்கில் ஏறும். கட்டியதை வைத்து வாழ்வு உயர்ந்தது என்று சொல்ல முடியாது. நிலமில்லாத கூலிப் பெண்ணுக்குக் கடன் என்பது நாளைய கூலியை இன்றே விற்பதுதான்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. சேமிப்பு யாருடையது? கணக்குப் புத்தகம் யார் கையில்? பட்டாவோ மாடோ கடையோ அவள் பெயரில் இருக்கிறதா? பொதுப் பணம் போக வேண்டியது குழுக்களின் கூட்டமைப்புக்கும், கணக்குப் பயிற்சிக்கும், நிலத்துக்கும். இடைத்தரகு நிறுவனங்களுக்கு அல்ல.

உங்கள் மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். வங்கிக் கடன் பெற்ற குழுக்களில் பட்டியல் சாதிப் பெண்களின் குழுக்கள் எத்தனை, தொகை எவ்வளவு என்று கேளுங்கள். வரும் பதிலோடு சேரிக்குப் போய், அம்மாக்களோடு உட்கார்ந்து சரிபாருங்கள்.