பொலிக்குதிரையும் நெடுந்தீவும்

குதிரை வணிகம் பற்றி எழுதும்போது நம்மவர் பெரும்பாலும் காயலைப் பேசுவர், நெடுந்தீவை மறந்துவிடுவர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கீஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிநாட்டுக்கு அனுப்பினார் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். ஒரு குதிரையின் விலை 220 தீனார். வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் பணம் கொடுக்க வேண்டும். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராக இருந்தார்.

இது நமக்குப் பெருமை தரும் செய்தியே. ஆனால் மார்க்கோ போலோ இதன் மறுபக்கத்தையும் எழுதியுள்ளார். இந்நாட்டில் நல்ல பொலிக்குதிரையைப் பெட்டையோடு சேர்த்தாலும் கால் கோணிய குட்டியே பிறந்ததாம். குதிரை வைத்தியர் இங்கு வருவதை வணிகர் விரும்பவில்லையாம். குதிரைகள் இறந்தால்தானே புதியன விற்கலாம்! அவர் கூற்றில் மிகை இருக்கலாம். ஆயினும், வாங்குபவன் தானே இனப்பெருக்கம் செய்துகொண்டால் விற்பவனுக்கு நட்டம் என்பது எந்தச் சந்தைக்கும் பொருந்தும்.

இங்கே மார்க்கம் சொல்வது வேறு. பொலி விடுவதற்குக் கூலி வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. கேட்காமல் தரும் அன்பளிப்பை ஏற்க அனுமதித்ததாகத் திர்மிதியில் வருகிறது. நல்ல இனத்தின் வித்து அண்டை வீட்டானுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே இதன் உட்கருத்தாக எனக்குப் படுகிறது.

யாழ்ப்பாணத்தில் இனப்பெருக்கத்தை முறையாக நடத்தியவர்கள் ஐரோப்பியரே. போர்த்துக்கேயர் நெடுந்தீவில் குதிரைகளை விட்டனர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அரபு, பாரசீகப் பொலிக்குதிரைகளைக் கொண்டு அவ்வினத்தை மேம்படுத்த முயன்றனர். பரந்த புல்வெளி, சுற்றிலும் கடல். குதிரை தப்பிப் போகாது, வேற்றினமும் கலக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அதிகாரி நோலன் இப்பண்ணையை மேற்பார்த்தார். பின்னர் அது கைவிடப்பட்டது.

ஒல்லாந்தர் லாயத்தின் கல்தூண்கள் இன்றும் நிற்கின்றன. குதிரைகளின் வழிவந்தவை மட்டக்குதிரைகளாகச் சிறுத்து, காட்டுக்குதிரைகளாகத் திரிகின்றன. கோடையில் நீர்நிலைகள் வற்றும்போது அவை தாகத்தால் மடிகின்றன.

அரபுக் குதிரையைக் கடல் கடந்து கொண்டுவந்ததை நாம் எழுதிவைத்தோம். அதன் வித்து இந்த மண்ணில் தங்கியதா என்று கேட்கவில்லை. நம் வணிக வரலாற்றை எழுதப்போகும் இளைஞர்கள் இக்கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நெடுந்தீவுக் குதிரைகளுக்குக் கோடையில் தண்ணீர் கிடைக்க வழிசெய்வதும் அவ்வரலாற்றுக்கு நாம் செலுத்தும் கடனே.