நூறு கெஜமும் இருநூறு ரூபாயும்

அருப்புக்கோட்டையை விட்டுத் திருச்சுழி நோக்கி நடந்தால் கரிசல் காடு. வானத்தைப் பார்த்தே விதைத்து, வானத்தைப் பார்த்தே ஏங்கும் பூமி. ஆங்காங்கே சிற்றூர்கள். ஊரென்றால் ஒரு கண்மாய், ஒரு கோயில், ஒரு பள்ளி, ஒரு பெட்டிக்கடை. பள்ளிக்கும் பெட்டிக்கடைக்கும் இடையே எத்தனை கெஜம்? ஊரார் கேட்டதில்லை, கேட்டது ஒரு சட்டம். 2003ஆம் ஆண்டிலே நாடாளுமன்றம் இயற்றிய புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் 6ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்கலாகாது என்கிறது. கல்விக்கூடத்தின் எல்லையிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பனையே கூடாது என்கிறது. மீறினால்? 200 ரூபாய் வரை அபராதம்!

சிறுவரைக் காக்கும் எண்ணம் அரசுகளுக்கு எப்போது பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்று வரலாற்றைப் புரட்டினால் விந்தையான காட்சிகள் தென்படுகின்றன. பிரிட்டனிலே 1908ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம், 16 வயதுக்குட்பட்டோருக்குச் சிகரெட் விற்பதைக் குற்றமாக்கிற்று. தெருவிலே புகைக்கும் சிறுவனிடமிருந்து அதைப் பறிக்கும் அதிகாரத்தையும் காவலருக்கு வழங்கிற்று. பிள்ளைப் பாசம் மட்டுந்தானா? 1899இல் மூண்ட போயர் போருக்கு ஆள் திரட்டியபோது, வந்தவரிலே பலர் உடல் வலுவற்றவரெனத் திருப்பி அனுப்பப்பட்டனர். கலங்கிய அரசு குழு அமைத்தது. 1904இல் அதன் அறிக்கை வந்தது. சிறுவரின் புகைப்பழக்கமும் அங்கே பேசப்பட்டது. துப்பாக்கி தாங்கத் தோள் வேண்டுமே, அந்தக் கவலை! 1918இல் பஞ்சாபிலும், 1919இல் வங்காளத்திலும் சிறுவர் புகைத்தல் சட்டங்கள் பிறந்தன. படைக்கு ஆள் வழங்கிய பஞ்சாப் முந்திக்கொண்டது தற்செயலா என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

தென்னாட்டிலே வேறு கதை. இங்கு ஆட்சியாளர் புகையிலையிலே கண்டது கேட்டையல்ல, காசை. கோவையிலும் மலபாரிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கும்பெனியார் புகையிலை வாணிகத்தைத் தம் ஏகபோகமாக்கி வைத்திருந்தனர். பின்னர் ஏகபோகம் ஒழிந்தது. வருவாய் ஆசை ஒழியவில்லை. 1943இல், போர்ச் செலவு நெருக்கிய நேரத்திலே, புகையிலைக்குக் கலால் தீர்வை வந்தது.

விடுதலைக்குப் பின், 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், 14 வயது நிரம்பாத பிள்ளைகளைத் தொழிற்கூடத்தில் வேலைக்கு வைக்கலாகாது என்றது. நல்ல சட்டம், ஆனால் வீட்டுத் திண்ணையிலே தாயருகில் அமர்ந்து பீடி சுருட்டிய பிள்ளை அதன் கண்ணிலே படவில்லை. சுருட்டும் கைக்கு இந்த அரைகுறைப் பாதுகாப்பு. வாங்கும் கைக்கு நாடு முழுவதற்குமான பாதுகாப்பு வர, மேலும் 37 ஆண்டுகள்!

வந்த சட்டம் கரிசல் சீமையிலே என்ன காண்கிறது? இங்கே பிள்ளை புகையிலையை முதன்முதல் கையிலெடுப்பது பெரும்பாலும் தனக்காக அன்று. "ஏலே, ஓடிப்போயி ஒரு கட்டுப் பீடி வாங்கியா" என்று அனுப்புகிறவர் அப்பன். மிச்சச் சில்லறைக்கு மிட்டாய். வெயிலிலே களையெடுப்பவருக்குப் பசியை மறக்கடிக்க வாயிலே ஒரு துண்டுப் புகையிலை. வீட்டு விசேஷத்திலே தாம்பூலத்தோடு புகையிலை. கருப்பசாமிக்குக்கூடச் சுருட்டுப் படையல்! சாமியே புகைக்கையில் சிறுவனைத் தடுப்பவர் யார்? சட்டமோ அப்பனுக்காக வாங்கினாலும் விலக்கு அளிக்கவில்லை. சிறுவனிடம் விற்றவர் குற்றவாளியே.

200 ரூபாய் போதாதென்று எண்ணினார்கள் போலும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், சிறுவருக்குப் புகையிலை கொடுப்போருக்கு 7 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்கிறது. ஒரே குற்றத்துக்கு ஒரு கையிலே ஈர்க்குச்சி, மறு கையிலே உலக்கை! கடைக்காரர் இரண்டுக்கும் அஞ்சுவதில்லை. எவரேனும் வந்து பார்ப்பாரா என்பதற்கே அஞ்சுவார்.

சென்னையிலிருந்து பிறப்பிக்கும் ஆணை மட்டும் போதுமா? 2001இல் தமிழக அரசு குட்காவைத் தடுத்தது. 2004இல், மராட்டியத்தின் இத்தகைய தடையைப் பற்றிய வழக்கிலே, நிரந்தரத் தடை விதிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லையென உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் துணையோடு மீண்டும் தடை. 2023இல் உயர் நீதிமன்றம் அதனை நீக்க, அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. ஆணை ஏறியும் இறங்கியும் வந்த இக்காலத்திலே, தமிழ்நாட்டில் புகையிலை பயன்படுத்தும் வயது வந்தோர் 2009-10இல் 16.2 விழுக்காடு; 2016-17இல் 20 விழுக்காடு.

அமெரிக்காவிலே பாஸ்டனுக்கு அருகே நீதம் என்றொரு சிறு நகரம். புகையிலை வாங்கும் வயதை 2005இல் அந்நகரம் தானாகவே 21 ஆக உயர்த்திற்று. அண்டை ஊர்கள் உயர்த்தவில்லை. வேண்டியவன் பக்கத்து ஊருக்குப் போய் வாங்கலாமே என்று எள்ளி நகையாடினோர் உண்டு. நடந்தது வேறு. 2006க்கும் 2010க்கும் இடையே அங்கே புகைக்கும் பள்ளி மாணவர் 13 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகக் குறைந்தனர். அண்டை ஊர்களில் 15இலிருந்து 12 மட்டுமே. 2019இல் அமெரிக்கா முழுவதுமே 21 வயதை ஏற்றது. பெரிய நாட்டுக்குச் சிற்றூர் ஆசிரியராயிற்று!

நம் உள்ளாட்சிகளுக்கும் வழி உண்டு. புகையிலை விற்க உள்ளாட்சியின் உரிமம் வேண்டும், அக்கடையிலே மிட்டாய், பிஸ்கட் விற்கலாகாது என்ற ஏற்பாட்டை 2017இல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. பெட்டிக்கடை பல ஊர்களிலே ஓர் ஏழைக் கைம்பெண்ணின் கஞ்சிப்பானை என்பதை மறந்து பேசலாகாது. கடையை மூடச் சொல்ல வேண்டியதில்லை. மிட்டாய் இருக்கட்டும், பீடியும் சிகரெட்டும் அகலட்டும். அருப்புக்கோட்டையிலே நகராட்சி இருக்கிறது. திருச்சுழிச் சிற்றூர்களுக்குக் கிராமசபை இருக்கிறது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் என்று அது கூடும் நாளிலே இளைஞர்கள் எழுந்து, பள்ளி வாயிலிலிருந்து 100 கெஜத்தை ஊரார் முன்னே கயிற்றால் அளந்து காட்டலாம். சிறிய ஊரிலே அந்தக் கயிறு கோயிலைத் தாண்டி, கண்மாய்க்கரை வரை போகும்.