நாலு அங்குல ஆமையும் ஒரு சட்டமும்

1/ அமெரிக்காவில் ஆமை விற்க ஒரு அளவு இருக்கு, தெரியுமா? ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைவா இருந்தா, வீட்டில் வளர்க்க விற்கக் கூடாது. 1975-ல் வந்த தடை. குழந்தைகளின் உடல்நலத்துக்காகப் போட்டது. கதையைச் சொல்றேன்.

2/ 1960-களில் அங்கே சிவப்புக்காது ஆமைக்குஞ்சு ரொம்ப மலிவு. லூசியானா பண்ணைகளில் பொரித்த குஞ்சுகளை, பிளாஸ்டிக் தென்னைமரம் வச்ச கிண்ணத்தோட சில்லறைக் கடைகளில் விற்பாங்க.

3/ ஆமையின் குடலில் சால்மொனெல்லா கிருமி சாதாரணமா இருக்கும். ஆமைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா கழிவு தண்ணியில் கலந்து ஓடு, தோல், கிண்ணம் எல்லாத்திலும் ஒட்டிக்கும். தொட்ட கை குழந்தையின் வாய்க்குப் போகும். சில நேரம் ஆமையே போகும்! அப்புறம் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. கைக்குழந்தைக்கு ரத்தத்தில் பரவினா உயிருக்கே ஆபத்து.

4/ 1970-களின் தொடக்கத்தில், ஆமையால் ஆண்டுக்குச் சுமார் 2,80,000 பேருக்குத் தொற்று என்று மதிப்பிட்டார்கள்.

5/ உடனே தடை போடலை. 'கிருமி இல்லைன்னு சான்று இருந்தா விற்கலாம்' என்று 1972-ல் விதி வந்தது. பலிக்கலை. ஏன்னா ஆமை கிருமியை விட்டுவிட்டுத்தான் வெளியேற்றும். இன்னிக்கு டெஸ்ட்டில் தெரியாதது அடுத்த வாரம் தெரியும்.

6/ அப்புறம்தான் தடை. ஏன் 4 அங்குலம்? அதைவிடப் பெரிசு குழந்தை வாயில் நுழையாது. பெரிய ஆமையில் கிருமி இல்லைன்னு அர்த்தம் இல்லை! இந்த ஒரு விதியால் ஆண்டுக்கு 1 லட்சம் குழந்தைகள் தப்பித்ததாக மதிப்பீடு.

7/ ஏற்றுமதிக்கு விலக்கு உண்டு. பண்ணைக்காரர்கள் முட்டைகளை ஜென்டாமைசினில் முக்கிப் பார்த்தாங்க. கடைசியில் அந்த மருந்துக்கே அடங்காத கிருமி வந்துச்சு.

8/ சட்டத்தை மீறி விற்பனையும் நடந்தது. 2007-ல் ஃபுளோரிடாவில் ஒரு கைக்குழந்தை இறந்தது. குழந்தையிடம் இருந்த அதே கிருமி வீட்டு ஆமையிலும் இருந்தது.

9/ அதே சிவப்புக்காது குஞ்சு நம்ம ஊர் மீன் கடைகளிலும் விற்குது. 5 வயசுக்குக் கீழ் குழந்தை, கர்ப்பிணி, வயசானவங்க இருக்கிற வீட்டுக்கு வேண்டாம்.

10/ ஏற்கெனவே வளர்க்கறீங்களா? தொட்டதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க. தொட்டித் தண்ணியைச் சமையலறையில் கொட்டாதீங்க. ஆமையைக் குளத்தில் விடாதீங்க, நாட்டு ஆமைகளுக்கு அது போட்டி.

குழந்தைக்குக் காய்ச்சலோட வயிற்றுப்போக்கு வந்தா, வீட்டில் ஆமை இருக்குன்னு டாக்டரிடம் மறக்காம சொல்லுங்க. நாங்க கேட்க மறந்தாலும் நீங்க சொல்லுங்க.