திருப்பூர்–வெள்ளகோவில் ஆடைத் தொழிலில் பெண்களின் பணி உயர்வு

கரூர் சாலையில் காங்கேயத்தை அடுத்துள்ள வெள்ளகோவில் விசைத்தறிக்கும் நூற்பாலைக்கும் பேர்போன ஊர். தறிக்குத் தார் (ஊடைநூல்) சுற்றவும் ஸ்பின்னிங்கில் இழை பிணைக்கவும் இங்கே பெண்கள் ஏராளம். ஃபிட்டர், மேஸ்திரி, மேனேஜர் என்றால் பெரும்பாலும் ஆண்கள். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும் இதே நிலைதான்.

பனியன் தொழிலில் மேலே ஏறும் வழி ஊரறிந்தது: டெய்லருக்கு உதவும் கைமடி, டெய்லர், கட்டிங் மாஸ்டர், காண்டிராக்டர், பிறகு சொந்தக் கம்பெனி. கைமடிக்குச் சேரும் பையன், டெய்லர் சாப்பிடப் போன நேரத்தில் வேஸ்ட் துணியை ஓவர்லாக் மெஷினில் ஓட்டிப் பார்த்தே தொழில் பழகிவிடுவான். திருப்பூர் முதலாளிகள் பலர் இப்படி உழைத்து மேலேறிய கவுண்டர் சமூக ஆண்கள் என்பதை சரத் சாரியின் 'ஃபிரேட்டர்னல் கேப்பிட்டல்' (2004) என்ற ஆய்வு நூல் விரிவாகக் காட்டியது. முதல் போட்டதும் ஆர்டர் பிடித்துக் கொடுத்ததும் அந்த ஆண்களுக்கிடையிலான சொந்தபந்தமே. பெண்ணுக்கு அதில் இடமில்லை.

1980களுக்குப் பின் ஏற்றுமதி பெருகியபோது பெண்கள் திரளாக வந்தனர். தையல் மெஷினிலும் அமர்ந்தனர். ஆனாலும் செக்கிங், பிசிறு வெட்டுதல், பேக்கிங் ஆகியவை பெண்கள் வேலையாகவே நிலைத்தன. விட்டுப்போன தையலை விரல் பட்டதுமே கண்டுபிடிக்கும் செக்கிங் பெண்ணின் கைத்திறன், அவரைக் கட்டிங் மேசைக்குக் கொண்டுபோவது அரிது. தடை திறமையில் இல்லை.

நேரம் பெரிய தடை. காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை நீளும் ஒன்றரை ஷிப்டுக்கு நிற்பவரே தையல் லைனை நடத்தத் தகுந்தவர் என்று கருதப்படுகிறார். இரவு 7 முதல் காலை 6 வரை பெண்கள் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்ற 1948 தொழிற்சாலைகள் சட்ட விதியை சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் செல்லாதென அறிவித்தது. ஆனால் கைக்குழந்தையும் வீட்டுச் சமையலும் எந்தத் தீர்ப்பாலும் குறையவில்லை.

நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டம் இன்னும் கொடியது. விடுதியில் தங்கி, பெரும்பாலும் மூன்றாண்டு வேலை செய்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கென ஒரு தொகை. அனுபவம் கைகூடும் வேளையில் அந்தப் பெண் வெளியேறிவிடுவார் என்பதே அதன் கணக்கு. பதவி உயர்வுக்கு அங்கே பேச்சே இல்லை.

மேற்பார்வை ஆண்கள் கையிலேயே இருந்தால் என்ன நேரும் என்பதை, திண்டுக்கல் மாவட்டத்தில் 2021 ஜனவரியில் ஓர் ஆடைத் தொழிற்சாலைப் பெண் கொலையுண்டதும், அதில் அவருடைய மேற்பார்வையாளர் மீதே குற்றச்சாட்டு எழுந்ததும் நாட்டுக்குக் காட்டின. அதன்பின், தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆலை நிர்வாகத்துடனும் ஹெச் அண்ட் எம் உள்ளிட்ட வெளிநாட்டு நிறுவனங்களுடனும் 2022இல் 'திண்டுக்கல் ஒப்பந்தத்தை' எட்டியது. லைனில் வேலை செய்யும் பெண்களே பயிற்சி பெற்று, வசவையும் அத்துமீறலையும் கண்காணித்துப் புகார் செய்யும் பொறுப்பை அதன்படி ஏற்றனர்.