புயலிலே ஒரு தோணி

ப. சிங்காரம் (1920–1997) எழுதிய தமிழ் நாவல். 1972இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத் தென்கிழக்கு ஆசியாவைக் களமாகக் கொண்டது. போர் நாவல், உளவியல் நாவல் என இருவகையிலும் அடங்கும். சுமத்ராவின் மெடான் நகருக்குள் ஜப்பானியப் படை நுழைவதோடு தொடங்குகிறது. வட்டிக்கடைத் தொழிலை விட்ட நாயகன் பாண்டியன், தொங்கான் என்னும் பாய்மரக் கப்பலில் பினாங்குக்குப் புறப்பட்டு, நடுக்கடலில் புயலில் சிக்குகிறான். பின்னர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். இந்தோனேசிய விடுதலைப் போரிலும் ஈடுபடுகிறான். வெளியே துணிச்சல்காரனான அவனை உள்ளே நிலைகொள்ளாமை அரிக்கிறது. மதுரைத் தெருக்களின் நினைவும் பழம்பெருமை மீதான எள்ளலும் நனவோட்டமாகக் கலந்து வருகின்றன. நாவலின் உயிர் அப்பகுதிகளிலேயே உள்ளது. ஊர் திரும்ப விழைந்தும் பாண்டியன் அந்நிய மண்ணிலேயே மடிகிறான். சிவகங்கைச் சீமையின் சிங்கம்புணரியில் பிறந்த ஆசிரியர், இளமையில் மெடானில் வேலை பார்த்தவர். அவர் எழுதிய மற்றொரு நாவல் ‘கடலுக்கு அப்பால்’.