வேலி அறியாத மலை

பழனி மலை என்றவுடன் நம்மில் பலருக்குக் கோடைக்கானல் ஏரியும் பனிமூட்டமுமே நினைவில் எழுகின்றன. அம்மலைத்தொடரின் கிழக்கே, கீழ்ப்பழனி மலை என்று வழங்கும் தாழ்ந்த சரிவுகளில், சுற்றுலாப் பயணிகளின் கண்ணில் எளிதில் படாத வேறொரு வரலாறு உண்டு. அது உழவின் வரலாறு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பன்றிமலை முதலிய ஊர்களில் ஒரு வாழையைச் சுற்றி வளர்ந்து, அதன் வீழ்ச்சியால் தளர்ந்து, மீண்டும் எழ முயன்று வரும் வரலாறு. மலைநிலத்தைப் பேணுதல் என்பது யாது என்னும் வினாவுக்கு அவ்வரலாறு தரும் விடை, சமவெளியில் வாழும் நமக்கும் உரியது.

தொன்மையான குடியிருப்பு

இம்மலையில் மக்கள் குடியேறியது நேற்றன்று. சங்கப் பாடல்கள் கூறும் பொதினியே இன்றைய பழனி என்பர் அறிஞர். அந்நிலத்தை ஆண்ட ஆவியர் குடித் தலைவன் பேகன், மயிலுக்குப் போர்வை அளித்த வள்ளலாகப் போற்றப்படுபவன். கதையாகவே கொண்டாலும், மலைவாழ் உயிரின் குளிரைத் தன் குளிராக உணர்ந்தவனையே தமிழ் மரபு அம்மலைக்குத் தலைவனாக நினைவில் வைத்துள்ளது என்பது சிந்திக்கத்தக்கது.

சரிவுகளில் காணப்படும் கல்திட்டைகள் அத்தொன்மைக்குச் சான்று பகர்கின்றன. செண்பகனூரில் 1895-இல் திரு இருதயக் கல்லூரியை நிறுவிய இயேசு சபையாருள் அங்லாட், நியூட்டன் என்னும் இரு குருக்கள் இக்கல்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலை, 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தாண்டிக்குடியில் நடைபெற்ற அகழாய்வும் பெருங்கற்கால மக்களின் வாழ்வை வெளிக்கொணர்ந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் வாழ்ந்தும் மலை தன் மண்ணை இழக்காமல் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

காட்டைப் போன்ற தோட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பி இம்மலையில் பரவியபின் தோட்டப் பயிர்கள் பெருகின. காப்பிக்கு நிழல் வேண்டும். அந்நிழலுக்காகப் பெருமரங்கள் விடப்பட்டன. அவற்றின்மேல் மிளகுக்கொடி ஏறியது. இடையிடையே கமலா ஆரஞ்சும் பலாவும் நின்றன. இவற்றோடு உடன்பிறப்பைப்போல் வளர்ந்ததே மலைவாழை. அடிவாரத்திலுள்ள விருப்பாச்சி என்னும் ஊரின் பெயரால் அது விருப்பாச்சி வாழை எனப்பட்டது. திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையிலும் இதன் இனமான சிறுமலை வாழை புகழ்பெற்றது. நீர்ச்சத்துக் குறைந்த, மணமிக்க இப்பழமே பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உகந்ததாயிற்று.

இத்தோட்டங்களின் இயல்பு நம் கவனத்துக்கு உரியது. பாசனம் இல்லை, மழையே நீர். கடையில் வாங்கிய உரமும் அன்று இல்லை. மரங்களின் உதிர்ந்த இலை மட்கி உரமாயிற்று. தார் வெட்டியபின் வாழைத்தண்டு சரிவிலேயே கிடந்து மண்ணை மூடியது. மிளகுக்குத் துணையாக நட்ட கல்யாண முருங்கை காற்றிலுள்ள தழைச்சத்தைத் தன் வேர்முடிச்சுகளில் சேர்த்து, இலையாக உதிர்த்து நிலத்துக்கு அளித்தது. மேலிருந்து விழும் மழைத்துளி, உயர்ந்த மரத்திலும் வாழையிலையிலும் காப்பிச் செடியிலும் பட்டு வேகம் தணிந்த பின்னரே மண்ணைத் தொட்டது. ஒருமுறை நட்ட வாழை, பக்கக்கன்றுகளால் பல ஆண்டுகள் பயன் தந்தமையால் நிலத்தை அடிக்கடி கிளறும் தேவையும் எழவில்லை. இன்று 'இயற்கை வேளாண்மை' என்று நாம் சிறப்பித்துக் கூறுவதை, பெயர் சூட்டாமலே அம்மக்கள் கடைப்பிடித்தனர்.

சாலை எட்டாத இடங்களிலிருந்து விளைபொருளைச் சுமந்து வந்தவை குதிரைகள். சிறுமலையில் பொங்கலையொட்டிப் புனித அந்தோணியார் ஆலயத்துக்கு அக்குதிரைகளை அழைத்து வந்து மந்திரிக்கச் செய்யும் வழக்கமும் உண்டு. உழைப்பில் பங்கேற்ற விலங்குக்கும் நன்றியில் பங்கு அளித்த பண்பு அது.

வந்துற்ற பேரழிவு

முடிக்கொத்து நோய் என்பது வாழைக்கு வரும் நச்சுயிரி நோய். இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நின்றுவிடும். அம்மரம் தார் ஈனாது. நோயைப் பரப்புவது வாழையில் வாழும் சிறு அசுவினி. நோயுற்ற தாயிடமிருந்து எடுத்து நடும் கன்றும் நோயைச் சுமந்தே செல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிஜித் தீவுகளில் அறியப்பட்ட இந்நோய், 1913-இல் இலங்கையிலும் 1940-ஐ ஒட்டிக் கேரளத்திலும் காணப்பட்டது. 1970-களில் கீழ்ப்பழனி மலையை அது வாட்டத் தொடங்கியது. ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் விளைந்த மலைவாழை, காலப்போக்கில் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது என வேளாண் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். கமலா ஆரஞ்சும் நோய்களால் நலிந்தது. தலைமுறைகளாக வாழையை நம்பிய குடும்பங்கள் வேறு பயிர்களை நாடின.

இயற்கையோடு இயைந்த தோட்டத்துக்கு இந்நிலை வந்தது ஏன் என்று நாம் கேட்கலாம். நல்ல மண்ணும் நல்ல நிழலும் எல்லாத் தீங்கையும் தடுத்துவிடும் என்று கருதுவது தவறு. இந்நோய் கண்ட மரத்துக்கு மருந்து இல்லை. அதை அடியோடு தோண்டி அழிப்பதே வழி. ஒருவர் அழித்தாலும் அடுத்த தோட்டத்துக்காரர் அழிக்காவிடில், அசுவினி எல்லை கடந்து வந்துவிடும்.

இதனை முதலில் தெளிவாகக் கண்டவர்கள் ஆஸ்திரேலியர். 1920-களில் அந்நாட்டின் கிழக்குக் கடற்கரை வாழைத் தோட்டங்கள் இந்நோயால் பாழாயின. மகீ என்னும் ஆய்வாளர் அசுவினியே காரணி என நிறுவினார். அதன்பின் தோட்டந்தோறும் சோதனை செய்தல், நோயுற்றதை உடனே அழித்தல், தூய கன்றையே நடுதல் ஆகியவற்றைச் சட்டமாக்கினர். அனைவரும் கட்டுப்பட்டமையால் வாழை அங்கு மீண்டது. அவர்களைக் காத்தது தெளிமருந்து அன்று. அண்டை வீட்டாரிடையே நிலவிய ஒழுங்கு.

மீட்பின் முயற்சி

நம் மலையிலும் முயற்சிகள் தோன்றாமல் இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், 1993-இல் திருச்சியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையமும், நோய் நீங்கிய கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கின. விருப்பாச்சி, சிறுமலை வாழைகளுக்குப் புவிசார் குறியீடும், 2019-இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அதே சிறப்பும் கிடைத்தன. எனினும் ஆய்வகம் தூய கன்றைத்தான் தர முடியும். அதைத் தூயதாகவே காப்பது ஊராரின் கையில் உள்ளது.

தோட்டத்துக்கு மேலே நிற்கும் காட்டையும் மறத்தலாகாது. செண்பகனூரிலும் திருச்சி ராபினெட் உலர்தாவரகத்திலும் உழைத்த இயேசு சபைக் குரு கே. எம். மேத்யு, பழனி மலையின் தாவரங்களை மூன்று தொகுதிகளாக 1999-இல் வெளியிட்டார். சோலை மரங்களின் கன்றுகளை வளர்த்து மலையில் நடவும் முனைந்தார். எந்த மரம் இம்மண்ணுக்கு உரியது என்று அறியாமல் மலையைப் பேண இயலாது என்பதை அவர் பணி உணர்த்துகிறது.

கீழ்ப்பழனி மலையில் பிறக்கும் குடகனாற்றின் நீர் ஆத்தூர் காமராசர் அணையில் தேங்கித் திண்டுக்கல் மக்களின் தாகம் தணிக்கிறது. மேலே ஒருவர் மரம் வெட்டிச் சரிவைத் திறந்துவிட்டால், மண் இறங்கி வந்து படிவது கீழே உள்ளோரின் அணையில். மேலே தெளிக்கும் நஞ்சும் மழையோடு கீழே வரும். பட்டாவில் எழுதிய எல்லை மனிதருக்குள் வழக்கைத் தீர்க்க உதவும். மழைநீரும் மண்ணும் அசுவினியும் அவ்வெல்லையை அறியா.

ஆகவே, மலையில் நிலம் பேணுதல் தனியொருவரின் அறமாக நின்றுவிட இயலாது. நஞ்சின்றி விளைவிப்பவர் தம் தோட்டத்தில் நோயுற்ற வாழை ஒன்றைக்கண்டு, அயலாரை நினைந்து அதனை அன்றே தோண்டி எறிவாராயின், அவர் நிலத்தோடு அயலாரையும் நேசித்தவராவார். அவ்வுழைப்பின் விளைவை உண்டு, அதே மலையின் நீரை அருந்தும் நாமும், மலைப்பழத்துக்கு உரிய விலை கொடுப்பதில் தயங்காதிருத்தல் வேண்டும். அடிவாரத்தில் வாழ்வோர்க்கு மலையின்பால் உள்ள கடமை அவ்விடத்திலிருந்தே தொடங்குகிறது.